மணலின் மேல் அணை கட்டியவர்

தஞ்சைத் தரணியில் நெல் விளைவதற்குக் கரிகாலனை நினைப்போர் அநேகர். ஸர் ஆர்தர் காட்டனை நினைப்போர் சிலரே. அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவருடைய சரித்திரத்தை நாம் ஏன் எழுதவேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவ்வாட்சி தன் குடிகளைப் பஞ்சத்துக்கு இரையாக விட்டது எப்படி என்பதற்கு, அதன் சம்பளம் வாங்கிய இவருடைய வாழ்க்கையைவிடத் திட்டமான சாட்சியம் கிடைப்பது அரிது. கோர்ட்டு பாஷையில் சொன்னால், எதிர்க்கட்சியார் தரப்பிலிருந்து கூண்டில் ஏறி, நம் கட்சியை ருசுப்படுத்திய சாட்சி இவர்.

காட்டன் 1803-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். பதினெட்டு வயதில், 1821-ல், கம்பெனியின் பட்டாளத்து இஞ்சினீயராகச் சென்னை வந்து சேர்ந்தார். ஆரம்பகால அலுவல்களைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. அவர் பெயர் நிலைத்தது காவிரியில்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் போக்கு நேரானது, படுகையும் தாழ்ந்தது. ஆகவே வருஷத்துக்கு வருஷம் வெள்ளம் கொள்ளிடத்தையே நாடிக் கடலுக்கு ஓடிற்று. காவிரியின் தலைப்போ மணல்மேடிட்டு வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, சாகுபடி சுருங்கிற்று. தஞ்சை ரயத்து வயிறெரிந்தான்; ராஜதானியின் வரிவசூலும் குறைந்தது. வயிறெரிந்ததைவிட வரி குறைந்ததே சர்க்காரின் காதில் சீக்கிரம் விழுந்தது என்பதை நாம் சொல்லாமலே வாசகர்கள் அறிவார்கள்.

பரிகாரம் கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணை. ஆனால் எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டாத அந்த மணலில் கட்டடம் எப்படி நிற்கும்? இதற்கு விடை காட்டனுக்குச் சீமைப் படிப்பில் அகப்படவில்லை, கல்லணையில் அகப்பட்டது. நம் முன்னோர் மணலில் பெருங்கற்களைக் கொட்டினார்கள். அவை புதைந்தன, மேலும் கொட்டினார்கள். கடைசியில் இனிப் புதையாது என்னும் நிலையில் கல்குவியல் நின்றது; அதன்மேல் அணை எழுந்தது. தளர்ந்த மணலில் அஸ்திவாரம் அமைக்கும் வித்தையைப் பெயர் தெரியாத அந்தப் பழந்தமிழ்க் கொத்தர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அக்காலத்து வெள்ளை உத்தியோகஸ்தர்களில் இப்படி ஒப்புக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1836-ல் முக்கொம்பில் மேலணையும், வெகுதூரம் கிழக்கே அணைக்கரையில் கீழணையும் முடிந்தன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பிற்று. கீழணை வீராணம் ஏரிக்கும் தென்னார்க்காட்டு வயல்களுக்கும் வழிவகுத்தது. மேலணை தன் வேலையை அளவுக்குமேல் செய்துவிட்டது என்றே சொல்லவேண்டும். காவிரிக்குள் அதிக வெள்ளம் பாய்ந்து படுகையை அரிக்கவே, சில வருஷங்களுக்குள் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு போட்டு மட்டப்படுத்த நேர்ந்தது.

பிறகு கோதாவரி. 1833-ல் ஆந்திரக் கரையோரத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று; ஜனங்கள் சாரிசாரியாக மடிந்தார்கள். வெள்ளம் புரளும் கோதாவரியோ அவர்கள் பக்கத்திலேயே வீணாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1844-ல் காட்டன் அந்த ஜில்லாவைப் பார்வையிட்டு, தவளேசுவரத்தில் அணை வேண்டுமென்று எழுதினார். தீவுகளையும் சேர்த்தால் அங்கே நதியின் அகலம் ஏறக்குறைய நான்கு மைல். அவர் கேட்ட ஆள்பலத்தில் சர்க்கார் கொடுத்தது சொற்பமே. ஆயிரக்கணக்கான கூலிகளைத் திரட்டி வேலை வாங்கியதில் அவருக்கு வலக்கையாக நின்றவர் வீணம் வீரண்ணா என்னும் ஆந்திரர். 1847-ல் தொடங்கிய அணை 1852-ல் முடிந்தது. பஞ்சப் பிரதேசம் என்று பெயரெடுத்த டெல்டா நெற்களஞ்சியமாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சோபலட்சம் ஜனங்கள் பட்டினியால் மாண்டபோது, கோதாவரி டெல்டா தானும் பிழைத்து வெளியூர்களுக்கும் தானியம் அனுப்பிற்று.

அந்தப் பஞ்சத்தின்போதுதான் காட்டனுடைய பெரிய வழக்கு நடந்தது. அவர் 1860-ல் உத்தியோகத்தை விட்டு, அடுத்த ஆண்டு ஸர் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் இருந்தார். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்பது அவர் கட்சி. ரயில் தானியத்தைச் சுமந்து செல்லும்; விளைவிக்காது. விலை கொடுக்க வழியற்றவனுடைய ஊருக்கு வந்த தானியம், கிராக்கியுள்ள ஊருக்கு அதே ரயிலில் போய்விடும். 1877-ல் நம் ஜனங்கள் கண்கூடாகக் கண்டது அதுவே. ஜான் பிரைட் அவரை ஆதரித்துப் பேசினார். ஆயினும் 1878-ல் ஆராய்ந்த பார்லிமெண்டுக் கமிட்டி அவருடைய பெருந்திட்டத்தை ஏற்கவில்லை. ரயிலில் முதல் போட்டவர்களுக்கு வட்டி உத்தரவாதம் இருந்தது; ரயத்துக்கு எதற்கும் உத்தரவாதம் இல்லை.

காட்டனுடைய கணக்கு எப்போதும் சரியாக இருந்ததென்று நாம் வாதாடவில்லை. கர்நூல்-கடப்பைக் கால்வாய் அவர் தூண்டுதலால் பிறந்தது. செலவு எல்லை மீறிற்று. கரிசல் மண்ணில் புஞ்சைப் பயிருக்குப் பழகிய ரயத்துகள் தண்ணீரை எதிர்பார்த்தபடி வாங்கவில்லை. 1882-ல் சர்க்காரே கம்பெனியை விலைக்கு எடுத்துக்கொண்டது. எல்லா நதிகளிலும் படகு விடலாம் என்ற அவர் ஆசை மேடுபள்ளங்களை மதிக்காத ஆசை. எதிரிகள் இவற்றைப் பிடித்துக்கொண்டு டெல்டாக்களின் வெற்றியை மறைத்தார்கள்.

தவளேசுவரத்தில் பழைய அணைக்குப் பதில் எழுந்துள்ள புதிய அணை அவர் பெயரையே தாங்குகிறது. கோதாவரிக் கிராமங்களில் அவருக்குச் சிலைகள் உண்டு. மேலணையின் கதை வேறு. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. நூற்றெண்பது வருஷத்துக் கட்டடத்தின் மூப்பே காரணம் என்றனர் ஒரு சாரார்; ஆற்று மணலை அள்ளியதே காரணம் என்றனர் மற்றொரு சாரார். மணலை நம்பி நின்ற அணையின் கீழ் மணலுக்கு விலை பேசும் காலம் வருமென்று அதைக் கட்டியவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

முதுமையில் காட்டன் டார்க்கிங் என்னும் ஊரில் வசித்தார். அங்கே நிலத்தை ஆழமாகக் கொத்திக் கோதுமை பயிரிட்டு, சிறிய நிலத்தில் எவ்வளவு விளைவிக்கலாம் என்று சோதித்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ந் தேதி, தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார். அவ்வருஷம் இந்தியாவின் மேற்கிலும் மத்தியிலும் பருவமழை தவறிற்று. மறுபடியும் பஞ்சம் தொடங்கிற்று.