கார்புரேட்டர் தந்த அநாதைச் சிறுவன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் சாலைக்கு இரவு பகல் ஓய்வு கிடையாது. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமி அது. ராமானுஜர் அவதரித்த தலம் என்றுதான் வெளியூரார் ஸ்ரீபெரும்புதூரை அறிந்திருந்தார்கள். இன்று அந்தப் பக்கத்தில் கார் பிறக்கிறது, மோட்டார் சைக்கிள் பிறக்கிறது, லாரி பிறக்கிறது. 2012-ம் ஆண்டில் ஒரகடத்தில் திறக்கப்பட்ட பெரிய லாரித் தொழிற்சாலை, டெய்ம்லர் என்ற ஜெர்மானியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த டெய்ம்லருக்கு வலக்கையாக இருந்தவர் ஒருவர் உண்டு. டெய்ம்லர் நினைத்ததை எல்லாம் காகிதத்தில் வரைந்து, இரும்பில் வடித்துக் கொடுத்தவர் அவர். அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக்.

இதே சாலை ஓரத்துப் பட்டறைகளில் பழைய கார் ஒன்று வந்து நிற்கும். கால் வைக்காமலே வண்டி ரேஸ் ஆகிறது என்பார் சொந்தக்காரர். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார். அவருடைய விரல் முதலில் போய்த் தொடும் இடம் கார்புரேட்டர். அந்தக் கருவிக்கு உருவம் கொடுத்த மேபாக்கின் வரலாறுதான் இது.

பத்து வயதில் அநாதை

ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் 1846 பிப்ரவரி 9-ந் தேதி மேபாக் பிறந்தார். தந்தை தச்சர். வீட்டில் ஐந்து ஆண் குழந்தைகள். பிழைப்புத் தேடிக் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகருக்குப் போயிற்று. அங்கேதான் இடி விழுந்தது. மேபாக்கின் பத்து வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை என்றாயிற்று.

ஆதரவற்ற சிறுவனை ராய்ட்லிங்கன் என்ற ஊரில் இருந்த அநாதை இல்லம் ஏற்றுக்கொண்டது. கஸ்டாவ் வெர்னர் என்ற சமயப் போதகர் நடத்திய இல்லம் அது. சோறு போட்டதோடு அவர் நிற்கவில்லை; தொழிலும் கற்றுக் கொடுத்தார். இல்லத்துக்குச் சொந்தமாக இயந்திரப் பட்டறை ஒன்று இருந்தது. பகலில் பட்டறை, மாலையில் பாடம். கணக்கும் பௌதிகமும் படித்தார் மேபாக். கோடு போடுவதில் அவருக்கு ஈடு யாரும் இல்லை.

அந்தப் பட்டறைக்கு நிர்வாகியாக வந்து சேர்ந்தவர்தான் காட்லீப் டெய்ம்லர். மேபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இளைஞனின் கைவண்ணம் அவர் கண்ணில் பட்டது. 1869-ல் டெய்ம்லர் கார்ல்ஸ்ரூ நகரத்துக்கு வேலை மாறினார். மேபாக்கும் பின்னாலேயே போனார். 1872-ல் டெய்ம்லர் டாய்ட்ஸ் எஞ்சின் கம்பெனிக்குப் போனார். அங்கேயும் மேபாக் வந்தார். டெய்ம்லர் 1900-ல் இறக்கும்வரை இந்தப் பந்தம் அறவில்லை.

தோட்டத்தில் நடந்த சோதனை

டாய்ட்ஸ் கம்பெனியில்தான் ஆட்டோ என்பவரின் நாலு வீச்சு எஞ்சின் 1876-ல் உருவாயிற்று. அதை விற்பனைக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தியவர் மேபாக். ஆனால் அது நகராத எஞ்சின், பளுவும் அதிகம், ஓட்டமும் மெதுவு. வண்டியில் ஏற்றக்கூடிய சிறு எஞ்சின் வேண்டும் என்று டெய்ம்லர் விரும்பினார். கம்பெனியோடு பிணக்கு ஏற்பட்டது. 1882-ல் டெய்ம்லர் விலகி, கான்ஸ்டாட் என்ற ஊரில் வீடு வாங்கினார். வீட்டுத் தோட்டத்தில் இருந்த செடிக் கூடத்தைப் பட்டறை ஆக்கினார். மேபாக்கும் குடும்பத்தோடு அங்கே வந்து சேர்ந்தார்.

இரவு பகலாகச் சுத்தியல் சத்தம். கதவும் ஜன்னலும் எப்போதும் அடைப்பு. உள்ளே கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரனுக்குச் சந்தேகம் வந்து, போலீசில் சொல்லிவிட்டானாம். போலீசார் திறந்து பார்த்தபோது இருந்தவை எஞ்சின் சாமான்கள்தான்.

அங்கே பிறந்த எஞ்சின் அக்காலத்துக்கு அதிசயம். மற்ற எஞ்சின்கள் நிமிடத்துக்கு 150, 200 சுற்று சுற்றித் திணறிய நாளில், அது 600 சுற்று சுற்றியது. 1885-ல் அதை மரச் சட்டமிட்ட இருசக்கர வண்டியில் பூட்டினார்கள். மோட்டார் சைக்கிள்களின் மூதாதை அதுதான். மறு ஆண்டில் நான்கு சக்கர வண்டியிலும் பூட்டினார்கள்.

காற்றும் பெட்ரோலும்

எஞ்சின் ஓடியது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. பெட்ரோல் தானாக எரிந்து வேலை செய்யாது. காற்றோடு சரியான அளவில் கலக்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்று தேவை. அந்த நாளில் பெட்ரோல் நிறைந்த பாத்திரத்தின் மேலே காற்றைச் செலுத்துவார்கள். ஆவி கலந்து போகும். வெயில் ஏறினால் ஆவி அதிகம், குளிரில் குறைவு. வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கினால் கலவையும் குலுங்கும்.

இந்தக் கோளாறுக்கு மேபாக் 1893-ல் பரிகாரம் கண்டார். சிறு கிண்ணம், அதில் மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதுபோல, மிதவை பெட்ரோலை ஒரே மட்டத்தில் நிறுத்தும். கிண்ணத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காற்றுப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் மூச்சு இழுக்கும்போது, வாசனைத் தண்ணீர் தெளிக்கும் புட்டியைப்போல அந்தக் குழாய் பெட்ரோலைத் தூவும். அதே ஆண்டில் ஹங்கேரியிலும் பாங்கி, சோங்கா என்ற இருவர் இதே வழியைக் கண்டார்கள். ஆனால் மோட்டார் வண்டியில் ஏறி உலகைச் சுற்றி வந்தது மேபாக்கின் கருவி.

வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகட்டும், பழைய அம்பாசிடர், பியட் ஆகட்டும், எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கிண்ணமும் மிதவையும் தூவு குழாயும்தான். ஒரகடத்தில் தயாரான என்பீல்டு மோட்டார் சைக்கிள்களிலும், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையான 2020-ம் ஆண்டுவரை கார்புரேட்டர் இருந்தது.

தானாக ரேஸ் ஆகும் வண்டி

காலை எடுத்த பிறகு பழைய கார் ஒன்று நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் அடங்கி நிற்க வேண்டும். அடங்காமல் 1500 சுற்றில் இரைந்தால் பெட்ரோல் வீண், கியர் கரகரக்கும், பிரேக்கை விட்டதும் வண்டி முன்னால் பாயும். ஆளுக்கே ஆபத்து. பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை ஆள்வது உள்ளே போகும் காற்று. காற்று எங்கேயோ கூடுதலாகப் போகிறது என்பதே இதன் பொருள்.

அவசரக்காரர் உடனே ஸ்க்ரூவைத் திருகுவார். அனுபவசாலி அதைக் கடைசியில்தான் தொடுவார். எஞ்சின் சூடேறும்வரை காத்திருப்பார். குளிர்ந்த எஞ்சின் சோக் போட்ட நிலையில் வேகமாக ஓடுவது இயற்கை. சூடேறிய பிறகும் இரைச்சல் அடங்காவிட்டால், சோக் முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஆக்சிலேட்டர் கேபிள். அது துருப்பிடித்துச் சிக்கினாலும், அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும், கார்புரேட்டரின் பட்டாம்பூச்சி வால்வு மூடாது. கேபிளைக் கழற்றியதும் வேகம் இறங்கினால் குற்றவாளி அகப்பட்டான். திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கின் பலமும் பார்க்க வேண்டியதே.

இவை யாவும் சரியென்றால் திருட்டுக் காற்றைத் தேட வேண்டும். கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கும். ரப்பர்க் குழாய் பிளந்திருக்கும். அந்த வழியாகக் காற்று உஸ் என்று புகும். எஞ்சின் ஓடும்போது மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைச் சொட்டு விட்டால் ஓட்டை ஒரு கணம் அடைபடும், வேகம் இறங்கும். அங்கேதான் நோய். மின்சாரப் பாகங்களில் தண்ணீர் படக்கூடாது. பெட்ரோலை ஊற்றிச் சோதிப்பது தீயை விலை கொடுத்து வாங்குவதாகும். சந்தேகமான ரப்பர்க் குழாயைக் குறடால் நெரித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. வால்வு சுழலும் தண்டே தேய்ந்திருந்தால் அந்த இடைவெளியிலும் காற்று வரும். இக்னிஷன் டைமிங் முந்தியிருந்தாலும் வேகம் ஏறும். எல்லாம் பார்த்த பின்புதான் ஸ்க்ரூ. நோயை விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகியவன், நாளைக்கு மறுபடியும் திருகுவான்.

மெர்சிடிஸ் பிறந்தது

மேபாக்கின் சொந்த வாழ்க்கையோ கரடுமுரடு. 1890-ல் முதலாளிகள் சிலர் சேர்ந்து டெய்ம்லர் கம்பெனியைத் தொடங்கினார்கள். மேபாக்குக்கு அவர்கள் கொடுக்க முன்வந்த ஒப்பந்தம் மதிப்பாக இல்லை. மறு வருஷமே விலகினார். மூடிக் கிடந்த ஓட்டல் ஒன்றின் மண்டபத்தில், டெய்ம்லரின் ஆதரவோடு வேலையைத் தொடர்ந்தார். கார்புரேட்டர் பிறந்தது அந்தக் காலத்தில்தான். 1895-ல் பிரடெரிக் சிம்ஸ் என்ற இங்கிலாந்து வியாபாரி கம்பெனிக்குப் பெரும் பணம் தர முன்வந்தபோது, டெய்ம்லர் திரும்பி வரவேண்டும் என்று நிபந்தனை போட்டார். டெய்ம்லர் திரும்பினார், மேபாக்கும் தலைமை நிபுணராகத் திரும்பினார்.

1900 மார்ச்சில் டெய்ம்லர் காலமானார். அந்தத் துயரத்துக்கிடையே மேபாக் புதிய கார் ஒன்றை வரைந்தார். எமில் யெலினெக் என்ற வியாபாரி கேட்டு வாங்கிய கார் அது; தம் மகளின் பெயரையே அதற்கு இட்டார். அதுவே மெர்சிடிஸ்! 35 குதிரைச் சக்தி. தேன்கூடுபோல ஆயிரக்கணக்கான துவாரங்கள் கொண்ட ரேடியேட்டர். எஞ்சினைச் சுமார் 300 சுற்றுக்கு அடக்கவும், 1000 சுற்றுவரை ஏற்றவும் ஓட்டுபவரால் முடிந்தது. 1901 மார்ச்சில் பிரான்சில் நீஸ் நகரப் பந்தயங்களில் அந்தக் கார் மற்ற வண்டிகளைப் புழுதியில் விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மேபாக்கை வடிவமைப்பாளர்களின் அரசர் என்று கொண்டாடினார்கள்.

அரசர் என்று அயலார் புகழ்ந்தார்கள். சொந்தக் கம்பெனியில் நிலைமை வேறு. டெய்ம்லர் போன பிறகு அவருக்காகப் பேச ஆள் இல்லை. படிப்படியாக அதிகாரம் பறிபோயிற்று. 1907-ல், 61-ம் வயதில், வெளியேறினார்.

மகன் எழுப்பிய பெயர்

அவர் ஓய்ந்துவிடவில்லை. கவுண்ட் செப்பலின் கட்டிய ஆகாயக் கப்பல்களுக்கு நல்ல எஞ்சின் தேவைப்பட்டது. 1909-ல் செப்பலினோடு சேர்ந்து எஞ்சின் கம்பெனி தொடங்கினார். பொறுப்பை மகன் கார்ல் ஏற்றார். 1921-ல் கார்ல் தயாரித்த சொகுசுக் கார், மேபாக் என்ற பெயரோடு பெர்லின் கண்காட்சிக்கு வந்தது. பிறருடைய பெயரில் வண்டி செய்து கொடுத்தே முதுமை அடைந்தவர், தம் பெயர் தாங்கிய காரைக் கண்ணால் பார்த்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவருக்கு 1916-ல் ஸ்டுட்கார்ட் தொழில் நுட்பக் கல்லூரி டாக்டர் பட்டம் வழங்கியது.

1929 டிசம்பர் 29-ந் தேதி, 83-ம் வயதில் மேபாக் காலமானார். கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில், டெய்ம்லர் உறங்கும் இடத்துக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். வாழ்வில் பிரியாதவர்கள் மண்ணிலும் பிரியவில்லை.

புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவி காற்றை அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை: இத்தனை காற்றுக்கு இத்தனை பெட்ரோல். ஒரகடம் சாலையோரப் பட்டறையில் பழைய வண்டி ஒன்று இரைச்சல் தணிந்து, மெல்ல முனகி நிற்கும்போது, அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த அநாதைச் சிறுவனின் உழைப்பு இன்னும் பேசுகிறது.