தாய்மார் உயிர் காத்த டாக்டர்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்கள் சிலர், டாக்டர்கள் முன்னால் மண்டியிட்டு அழுதார்கள். வலி தாங்காமல் அழவில்லை. முதல் வார்டில் சேர்க்க வேண்டாம், இரண்டாவது வார்டில் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சி அழுதார்கள்.

இது நடந்தது 1846-ம் ஆண்டு.

அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுகள் இரண்டு. இன்று வருகிறவர்களுக்கு இது, நாளை வருகிறவர்களுக்கு அது என்று முறை வைத்திருந்தார்கள். முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

முதல் வார்டில் 100 தாய்மாருக்கு 10 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் 4 பேர்தான் இறந்தார்கள். பல ஆண்டுக் கணக்கு இது. நோய் ஒன்றுதான்: பிரசவ ஜன்னி. குழந்தை பிறந்த சில நாளில் காய்ச்சல் வரும். வயிறு வீங்கும். அப்புறம் பிழைப்பது அரிது.

படித்த டாக்டர்கள் இருக்கும் இடத்தில்தான் சாவு அதிகம்! ஊருக்கே இது தெரியும். டாக்டர்களுக்கும் தெரியும். காற்றில் ஏதோ கெட்டது கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். இரண்டு வார்டுக்கும் காற்று ஒன்றுதானே!

மளிகைக்காரர் மகன்

அந்த ஆண்டு முதல் வார்டுக்கு உதவி டாக்டராக வந்தார் செம்மல்வைஸ். வயது 28. ஹங்கேரி நாட்டில் புடா நகரில் 1818-ல் பிறந்தவர். தகப்பனார் மளிகைக்காரர்.

செம்மல்வைசுக்கு மற்றவர்களைப் போல் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வார்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட்டம் காரணமா? இரண்டாவது வார்டில்தான் கூட்டம் அதிகம். படுக்க வைக்கும் முறை காரணமா? மருத்துவச்சிகள் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். இவரும் அப்படிச் செய்து பார்த்தார். பயன் இல்லை.

சாகிறவர்களுக்குப் பிரார்த்தனை செய்யப் பாதிரியார் வருவார். முதல் வார்டில் அவர் மணி அடித்துக்கொண்டே பல அறைகளைக் கடந்து போக வேண்டும். அந்தப் பயத்தில் பெண்கள் சாகிறார்களோ என்று எண்ணி, மணி இல்லாமல் வேறு வழியாக வரச் செய்தார். சாவு குறையவில்லை.

வழியில், தெருவில் பிள்ளை பெற்றுவிட்டு வந்த பெண்கள்கூட இந்த நோய்க்குத் தப்பினார்கள். இது அவரை இன்னும் வாட்டியது.

நண்பரின் மரணம்

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா இறந்தார். அவர் ஒரு பேராசிரியர். பிணப் பரிசோதனை நடந்தபோது, மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தச் சிறு காயமே ஆளைக் கொன்றது.

அவருடைய உடல் பரிசோதனைக் குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். திடுக்கிட்டார். பிரசவ ஜன்னியில் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே அடையாளங்கள்!

அப்போது விளங்கியது. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணம் அறுப்பார்கள். அப்படியே பிரசவ வார்டுக்கு வருவார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் பிண நாற்றம் போகாது. மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையில், மிக அதிகமாகப் பிணங்களை அறுத்துப் பார்த்தவர் செம்மல்வைஸ்தான். அப்படியானால் எத்தனை தாய்மார் தம் கையாலேயே செத்தார்கள்? இந்த நினைப்பு கடைசி வரை அவரை விடவில்லை.

நாற்றத்தைப் போக்க எது நல்லது என்று தேடினார். குளோரின் கலந்த சுண்ணாம்பு. கிணற்றில் போடுகிறோமே பிளீச்சிங் பவுடர், அந்த இனம். அதைக் கரைத்த தண்ணீரில் கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் நுழையக் கூடாது என்று 1847 மே மாதம் உத்தரவு போட்டார்.

ஏப்ரலில் 312 தாய்மாரில் 57 பேர் இறந்திருந்தார்கள். ஜூலையில் 250 பேரில் 3 பேர்தான்!

அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. கருப்பையில் புற்றுநோய்ப் புண் உள்ள ஒரு பெண் முதல் கட்டிலில் இருந்தாள். அவளைப் பரிசோதித்த கையோடு டாக்டர்கள் மற்றவர்களையும் தொட்டார்கள். 12 பேரில் 11 பேர் மாண்டார்கள். பிணம் மட்டும் அல்ல, உயிருள்ள நோயாளியின் புண்ணும் விஷம் என்று தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கை கழுவச் சொன்னார்.

எதிர்ப்பு

பெரிய டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் கையே எமன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. செம்மல்வைஸ் மீதும் தவறு உண்டு. கண்டதை உடனே விளக்கி எழுதவில்லை. அவருடைய பெரிய புத்தகம் வெளிவரப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. பிறகு கோபம் தலைக்கேறி, பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று தாக்கிக் கடிதங்களை அச்சிட்டார்.

1849-ல் அவருடைய வேலைக்காலம் முடிந்தது. அதை நீட்டித்துத் தரவில்லை. சொந்த ஊர்ப் பக்கம், பெஸ்ட் நகருக்குத் திரும்பினார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு ஆண்டு வேலை பார்த்தார். 933 பிரசவங்களில் 8 பேர்தான் இறந்தார்கள்.

நாளடைவில் அவருக்கு மனம் கலங்கியது. 1865 ஜூலையில் வியன்னாவுக்கு அழைத்துப் போய் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே காவலர்கள் அடித்தார்கள். காயம் சீழ்ப்பிடித்து, இரண்டே வாரத்தில், ஆகஸ்டு 13-ந் தேதி இறந்தார். வயது 47.

14 ஆண்டு கழித்து, பிரசவ ஜன்னிக்குக் காரணமான கிருமியைப் பாரிஸ் நகரில் டாக்டர்கள் கூடிய சபையில் பாஸ்டர் படம் போட்டுக் காட்டினார். புடாபெஸ்ட் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு 1969-ல் செம்மல்வைஸ் பெயர் வைத்தார்கள். அவர் பிறந்த வீடு இன்று ஒரு பொருட்காட்சி சாலை. அவருடைய எலும்புகளையும் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.