கெட்டுப்போன இறைச்சியின் விஷத்தை நாக்கில் வைத்துப் பார்த்த டாக்டர்... நரம்பு வலிக்கு போடாக்ஸ் வந்தது எப்படி?

போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு, முகத்தில் அடிக்கும் குளிர்காற்று தினசரி சமாச்சாரம். ஆனா 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா' என்கிற முகநரம்பு வலி இருந்தால், அந்தக் காற்று பட்டாலே போதும். கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி வெட்டும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு டாக்டர்கள் போடும் ஊசிகளில் ஒன்றுதான் போடாக்ஸ். ஆமாம், முகச்சுருக்கம் மறையப் போடுகிறார்களே, அதேதான். உலகின் மிகக் கொடிய விஷங்களில் ஒன்றான அதை மருந்தாக்கலாம் என்று 200 வருஷத்துக்கு முன்பே சொன்னவர் ஒரு கவிஞர்!

யார் இந்த கெர்னர்?

யுஸ்டினுஸ் கெர்னர், 1786-ல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு துணி ஆலையில் வேலை பழகினார். 1804-ல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மனநலம் பாதித்து அங்கே சிகிச்சைக்கு வந்த பெரும் கவிஞர் ஹோல்டர்லினைக் கவனித்துக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். இவரும் கவிஞர்தான், பின்னாளில் இவரது பாடல்களுக்கு இசை அமைத்தவர் ராபர்ட் ஷூமன்.

அந்தக் காலத்தில் நெப்போலியன் போர்களால் அந்தப் பகுதியில் வறுமை. விலங்கின் குடலில் ரத்தமும் இறைச்சியும் அடைத்துப் புகைபோட்ட சாஸேஜ், நம்மூர் உப்புக்கண்டம் போல நாள்பட வைத்துச் சாப்பிடும் பண்டம். அது கெட்டுப்போய் பலர் செத்தார்கள். பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். ஆனா நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். கொடுமை!

ஊர் டாக்டரான கெர்னர் இதை விடவில்லை. 1820-ல் 76 பேர், 1822-ல் 155 பேர் என நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். போதாதென்று, சில சொட்டு விஷச்சாற்றைத் தன் நாக்கிலேயே விட்டுக்கொண்டார். வாயும் தொண்டையும் வறண்டுபோயின. உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லணும்.

நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இந்த விஷம் தடுக்கிறது என்று அவர் சரியாகக் கணித்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், கட்டுப்பாடில்லாமல் உடல் துடிக்கும் நோய்களை அடக்கலாம் என்றும் எழுதினார். விஷம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சறுக்கல். கொழுப்பிலிருந்து உண்டாகும் அமிலம் என்று நம்பினார்.

வயதான காலத்தில் பார்வை மங்கியது. 1851-ல் அரசு வேலையை விட்டார். காகிதத்தில் விழுந்த மைக்கறையை மடித்து உருவங்களாக்கி, அதற்கும் கவிதை எழுதினார். 1862-ல் வைன்ஸ்பர்க்கில் காலமானார்.

1895-ல் பெல்ஜியத்தில் ஒரு துக்க வீட்டு விருந்தில் பரிமாறிய பன்றி இறைச்சி சிலரைக் கொன்றது. அதை ஆராய்ந்த வான் எர்மெங்கம், காரணம் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்தார். அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அந்த விஷத்தை மாறுகண்ணுக்கு ஊசியாக்கினார். 1989-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 2010-ல் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் அனுமதி வந்தது.

வலி எப்படிக் குறைகிறது? தசைக்கான ரசாயனத்தை மட்டுமல்ல, வலியைக் கடத்தும் ரசாயனங்களை நரம்பு முனை வெளியிடுவதையும் இது தடுக்கிறது. முகநரம்பு வலியிலும், அக்கிக்குப் பின் நீடிக்கும் வலியிலும் ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. முகநரம்பு வலிக்கு முதல் மருந்து இன்னமும் கார்பமாஸெபின் மாத்திரைதான். ஊசியின் பலன் சுமார் 3 மாதம். சிலருக்கு முகம் தற்காலிகமாக ஒருபக்கம் கோணலாம். அதனால் இதை பார்லரில் போட்டுக்கொள்ளக் கூடாது, நரம்பியல் டாக்டரிடம்தான் போகணும்.