காலணித் தொழிலில் புதுமை கண்ட ஜான் மட்செலிகர்

தோலைத் தொட்டு உழைப்போரைத் தாழ்ந்தோர் என்று ஒதுக்கிய நாடு நம் நாடு. அத்தொழிலிலேயே தம் அறிவை ஊன்றி, எளியோர் காலுக்கும் நல்ல காலணி கிடைக்க வழிகண்ட ஒரு கறுப்பினத் தொழிலாளியின் வாழ்வை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

ஜான் எர்னஸ்ட் மட்செலிகர் 1852 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சுரினாமின் பாரமாரிபோ நகரில் பிறந்தார். தந்தை டச்சுப் பொறியாளர். தாய் கறுப்பினப் பெண்மணி. அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1863 இல்தான். பத்து வயதிலேயே இயந்திரப் பட்டறையில் வேலை பழகிய அவர், பத்தொன்பதாம் வயதில் கப்பல் தொழிலாளியாகப் புறப்பட்டார். பிலடெல்பியாவில் சிலகாலம் தங்கி, 1877 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரை அடைந்தார்.

லின், காலணித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். மேல்தோல் தைக்கவும் அடித்தோல் இணைக்கவும் அங்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு வேலை மட்டும் கைக்கே உரியதாக நின்றது. கால் வடிவ மரக்கட்டையின்மீது மேல்தோலைப் போர்த்தி, குறட்டால் பற்றி இழுத்து, விரல்முனையிலும் குதியிலும் சுருக்கம் விழாமல் மடித்து, உள்ளடித் தோலோடு சிற்றாணி அறைந்து பொருத்த வேண்டும். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதமாக இழுபடும். அதன் இயல்பை விரல்களே அறியும். கைதேர்ந்தவர் பத்து மணி நேரம் உழைத்தால் ஏறத்தாழ 50 இணைகள் முடிப்பார். இதனை இயந்திரம் செய்யவே இயலாது என்று பலரும் நம்பினர்.

மட்செலிகர் பகலில் ஆலையில் உழைத்தார். மாலையில் பள்ளி சென்று ஆங்கிலம் பயின்றார். சிறு கூலியில் மிச்சம் பிடித்து அறிவியல் நூல்கள் வாங்கினார். கைவினைஞரின் விரலசைவை உற்றுநோக்கி, இரவில் சுருட்டுப்பெட்டிப் பலகையும் கம்பியும் கொண்டு முதல் மாதிரியை அமைத்தார். அதனை 50 டாலருக்குக் கேட்டபோது விற்க மறுத்தார். வயிற்றைச் சுருக்கி, பழைய இரும்புத் துண்டுகளால் அடுத்த மாதிரியைச் செய்தார். பணம் போதாமையால், உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை முதலீடு செய்த இருவருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

அவர் அனுப்பிய வரைபடங்கள் எளிதில் விளங்காமையால், காப்புரிமை அலுவலகம் ஓர் அதிகாரியை லின்னுக்கே அனுப்பி நேரில் பார்க்கச் செய்தது. 1883 மார்ச் 20 ஆம் நாள் 274,207 எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. 1885 இல் நடந்த ஆலைச் சோதனையில் 75 இணைகள் குறையின்றி முடிந்தன. பின்னர்த் திருந்திய இயந்திரங்கள் நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை முடித்தன. காலணி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கைத்தொழிலாளர் தம் பிழைப்புக்கு அஞ்சினர் என்பதும் மறைக்கத்தகாத உண்மையாகும்.

நிறத்தைக் காரணமாகக் கொண்டு லின் நகரத்துத் திருச்சபைகள் சில அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. வடக்குக் காங்கிரிகேஷனல் திருச்சபை ஒன்றே வரவேற்றது. ஓய்வறியா உழைப்பு உடலை வாட்ட, காசநோயுற்று, 1889 ஆகஸ்டு 24 ஆம் நாள் 36 வயதில் மறைந்தார். தம்மை ஏற்ற அத்திருச்சபைக்கே தம் பங்குகளில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். பிற்காலத்தில் அதன் கடன் அப்பொருளால் தீர்ந்தது. 1991 இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

இளைஞர்களே! அவருடைய இயந்திரத்தால் விளைந்த பெருஞ்செல்வத்தை அடைந்தவர்கள் பிறரே. கைத்திறன் இருந்தது, கல்வி சேர்ந்தது, கைம்முதல் மட்டும் இல்லை. நம் முன்னோரிடத்தும் திறன் குறைவாக இருந்ததில்லை. கல்வியும் முதலும் மறுக்கப்பட்டன. அவ்விரண்டையும் நாம் ஒன்றுகூடித் தேடிக்கொள்வோமாயின், தொழிலின் பயன் உழைத்தவன் வீட்டிலேயே தங்கும். மாலைப் பள்ளியின் விளக்கொளியில் அமர்ந்த அந்தத் தொழிலாளி நமக்குக் காட்டும் வழி இதுவே.