செயின் பிடித்த ஜனாதிபதி

ஜார்ஜ் வாஷிங்டன் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. அதோடு சரி. அவர் நம்ம சிவில்காரர்களின் ஆள் என்று அதில் போடவே இல்லை. ஆம், அவர் முதலில் பார்த்த தொழில் சர்வேயர் வேலை!

1732 பிப்ரவரி 22-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். பதினோரு வயதில் அப்பா போய்விட்டார். மூத்த தாரத்து அண்ணன்மார் இங்கிலாந்து போய்ப் படித்தவர்கள். இவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லூரி வாசலை மிதிக்காமலே, அப்பா விட்டுப்போன அளவைக் கருவிகளை வைத்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

1748 மார்ச்சில், 16 வயதில், ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் நிலத்தை அளக்கப் போன குழுவோடு புளூ ரிட்ஜ் மலையைத் தாண்டினார். ஒரு ராத்திரி வைக்கோல் படுக்கையில் பேனும் தெள்ளுப்பூச்சியும் பிடுங்கி எடுக்க, இனிமேல் வெட்டவெளியில் நெருப்போரம் படுப்பதே மேல் என்று முடிவு செய்து டைரியிலும் எழுதி வைத்தார். ஆற்றில் வெள்ளம் வேறு. நாம் கிரவுண்டில் ரெண்டு பீரியடு ரேஞ்சிங் ராடு பிடித்ததற்கே முணுமுணுக்கிறோம்!

அந்தக் காலத்து கன்டர் செயின் 66 அடி, 100 லிங்க். பத்து சதுர செயின் ஒரு ஏக்கர். வர்ஜீனியா காடுகளில் அதில் பாதி, 33 அடி செயினைத்தான் இழுத்தார்கள். திசைக்குக் காம்பஸ். எல்லைக் குறிக்கு மரம், பாறை. 1749-ல், 17 வயதில் கல்பெப்பர் கவுண்டி சர்வேயர். மறு வருஷம், அதாவது என் வயதில், சம்பாதித்த காசில் ஏறக்குறைய 1,450 ஏக்கர் வாங்கிவிட்டார்.

இதுவரை எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று இடித்தது. மேற்கே அளக்க அளக்க நிலம் வந்துகொண்டே இருந்ததே, அது யாருடையது? ஓஹையோ பக்கம் ஷானி, டெலவேர் முதலான பழங்குடி மக்கள் சோளம் விளைவித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தார்கள். அவர்களிடம் பட்டா ஏது, ஃபீல்டு புக் ஏது?

1763-ல் பிரிட்டிஷ் அரசர், அப்பலேச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று ஆணை போட்டார். வாஷிங்டன் சும்மா இருந்தாரா? 1767-ல் வேறொரு சர்வேயருக்குக் கடிதம் எழுதி, நல்ல நிலமாகப் பார்த்து ரகசியமாகக் குறித்து வைக்கச் சொன்னார். 1770-ல் தாமே ஓஹையோ ஆற்றில் படகில் போய்ப் பார்த்தார்.

சுதந்திரப் போரில் அவர் தளபதி. 1779-ல் அவர் அனுப்பிய படை, பிரிட்டிஷார் பக்கம் நின்ற இரொக்வா மக்களின் சுமார் 40 ஊர்களை விளைந்த பயிரோடு கொளுத்தியது. அவர்களில் செனெகா மக்கள் அவரை ஊரை அழிப்பவர் என்றே அழைத்தார்கள். 1783 உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறுவரை அமெரிக்காவுக்கு வந்தது. 1785 சட்டப்படி அதை ஆறு மைல் சதுரங்களாக, ஒவ்வொன்றிலும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாக அளந்து விற்கத் தொடங்கினார்கள். அவர் ஜனாதிபதியாக இருக்கும்போதே, 1794-ல் போரில் தோற்ற ஓஹையோ மக்கள், 1795-ல் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தார்கள்.

பதவி முடிந்து ஊர் திரும்பியும் கை சும்மா இருக்கவில்லை. 1799 நவம்பரில், 67 வயதில், தம் நிலம் ஒன்றை அளந்துவிட்டு வந்தார். டிசம்பர் 14-ல் காலமானார். தமக்குச் சொந்தமான 123 அடிமைகளை, மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்ய உயிலில் எழுதியிருந்தார். அதே உயிலோடு இணைத்திருந்த நிலப் பட்டியல் 50,000 ஏக்கருக்கு மேல். பெரும்பகுதி மலைக்கு மேற்கே.