தனியே பாய் விரித்த மாலுமி

மணலியில் பயிலும் நமக்குக் கடல் அயலன்று. திருவொற்றியூர்க் கரையில் நின்றால் துறைமுகம் புகக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். அதே கரையிலிருந்து முன்பு கட்டுமரங்கள் பாய் விரித்துச் சென்றன. இன்று இயந்திரப் படகுகளே மிகுதி. கட்டுமரத்தில் ஒருவர் துடுப்பால் திசை திருத்துவார். இன்னொருவர் பாய்க்கயிற்றைப் பார்ப்பார். இவ்விரண்டையும் ஒருவரே செய்து உலகையே சுற்றி வந்தால்? முதன்முதல் அவ்வாறு சுற்றி வந்தவர் ஜோஷுவா ஸ்லோகம்.

பெயரைக் கேட்டால் வடமொழிச் சுலோகம் நினைவுக்கு வரும். அவருக்கோ மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிப்படிப்பில்லை. 1844-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தந்தை மீனவர்களுக்குக் காலணி தைப்பவர். மகன் ஒளித்து வைத்துச் செய்த பொம்மைக் கப்பலை அவர் உடைத்தெறிந்தார். தாய் மறைந்ததும் பதினாறு வயதில் பையன் கடலுக்கே போய்விட்டான்.

உழைத்துக் கப்பல் தலைவரானார். மனைவி வர்ஜீனியாவும் அவருடன் கப்பலிலேயே வாழ்ந்தார். 1884-இல் அவ்வம்மையார் மறைந்தார். 1887-இல் சொந்தக் கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டி அழிந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிய அக்காலத்தில் பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை ஏது? நண்பர் ஒருவர், வயல்வெளியில் கிடந்த ‘ஸ்பிரே’ என்னும் பழம் படகைக் கொடுத்தார். பதின்மூன்று மாதம் பாடுபட்டு அதைப் புதுப்பித்தார். செலவு ஐந்நூற்றைம்பது டாலருக்குச் சற்று மேல். நீளம் 37 அடிக்கும் குறைவு.

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனில் புறப்பட்டபோது வயது 51. நீந்தத் தெரியாது! நேரம் பார்க்க ஒரு டாலர் தகரக் கடிகாரம். சூயஸ் வழியே கிழக்கே வருவதாக இருந்தவர், கடற்கொள்ளையர் பற்றிய எச்சரிக்கையை ஜிப்ரால்டரில் கேட்டு, மேற்கே திரும்பினார்.

தனியாள் எப்போது உறங்குவது? விடை பாய்களில் இருக்கிறது. முன்பாயில் காற்று மோதினால் படகின் மூக்கு காற்றைவிட்டு விலகும். பெரிய பாயில் மோதினால் காற்றை நோக்கித் திரும்பும். கயிறுகளைச் சற்றே இறுக்கியும் தளர்த்தியும் இரண்டையும் சமன் செய்துவிட்டால், சுக்கானைக் கட்டிவிட்டுப் படுக்கலாம். எல்லாப் படகும் இதற்கு இணங்கா. நீண்ட அடிக்கட்டை கொண்ட ஸ்பிரே இணங்கிற்று. 1897-இல் நம் இந்துமாக்கடலில், வியாழத் தீவிலிருந்து கொக்கோஸ் தீவு வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தார். அதில் அவர் சுக்கான் பிடித்தது மூன்று மணி நேரத்திற்கு மேலில்லை என்றால் நம்புவது கடினந்தான்.

எப்போதும் அப்படி வாய்க்கவில்லை. 1896 மார்ச்சில் மகல்லன் நீரிணையைத் தாண்டியதும் புயல் அவரைக் கேப் ஹார்ன் பக்கம் அடித்துச் சென்றது. பெரிய பாய் கந்தலாயிற்று. கனத்த வடங்களைப் பின்னால் இழுபட விட்டுப் படகின் வேகத்தைத் தணித்தார். இரவில், அலை உடையும் பாறைகளுக்கிடையே ஒருவராய்ப் பாயை மாற்றி மாற்றித் திருப்பி விடியும்வரை உயிர் தப்பினார். மீண்டும் நீரிணைக்குள் வந்து, குளிரில் அமர்ந்து பாய் தைத்தார். அங்கே இரவில் தளத்தில் ஆணிகளைப் பரப்பித் தூங்கியதும், வெறுங்காலோடு ஏறிய அந்நாட்டுப் பழங்குடியினர் அலறி ஓடியதும் பலரும் சிரித்துச் சொல்லும் கதை. அது அவர்கள் நீர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. அங்கொரு துறையிலிருந்து ஏழாம் முறை நங்கூரம் தூக்கிய பின்னரே பசிபிக் வழிவிட்டது.

1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் சேர்ந்தார்; கடந்த தொலைவு ஏறத்தாழ 46,000 மைல். 1900-இல் வெளிவந்த அவர் நூல் இன்றும் படிக்கப்படுகிறது. இந்தியர்களில் முதலில் தனியே சுற்றிய கடற்படை அதிகாரி திலீப் தோண்டே 2009 ஆகஸ்டில் மும்பையில் புறப்பட்டு 2010 மேயில் திரும்பினார்.

ஸ்லோகம் கரையில் நிலைக்கவில்லை. அறுபதைக் கடந்த பின், அதே ஸ்பிரேயில் தனியே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். படகும் அவரும் பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. 1924-இல்தான் சட்டம் அவரை இறந்தவராக ஏற்றது.