படைவீரர்க்கு வாய்த்த பாதிரியார்

வானம் பார்த்த பூமியாகிய எங்கள் காரியாபட்டிப் பகுதியில், மழை பொய்த்த ஆண்டுகளில் பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர். என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். ஊர் திரும்பிய பின் போரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. தம் படைப்பிரிவின் மத ஆசிரியரைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்லுவார். தாயார் இறந்த செய்தி வந்த இரவில், விடியும்வரை உடன் அமர்ந்திருந்தவர் அவர்தாமாம். துப்பாக்கி ஏந்திய கைக்கும் ஆறுதல் வேண்டும் என்பதை நான் அப்போது உணர்ந்தேன். அந்த உணர்வே சுவார்ட்ஸ் பாதிரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

படையோடு குருவை அனுப்பும் வழக்கம் கத்தோலிக்கத் திருச்சபையில் மிகப் பழமையானது. தம் மேலாடையைக் கிழித்து ஏழைக்குப் பாதி ஈந்த படைவீரர் மார்ட்டினின் ஆடையைக் காத்த குருமாரின் பெயரே, பின்னாளில் படைக்குருவைக் குறிக்கும் சொல்லாயிற்று. சுவார்ட்ஸ் லுத்தரன் சபையினர். சபை வேறாயினும் பணி ஒன்றே.

1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் சொன்னன்பர்க்கில் பிறந்த அவர், 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றினார். அங்கிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குரு எவரும் இல்லை. ஜெர்மானியரான அவர் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்று, அவ்வீரர்களுக்கு வழிபாடு நடத்தினார். 1763இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். 1766இல் கோட்டையில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள மதுரையிலும் அவர் காலடி பட்டிருக்கிறது. 1764இல் கான்சாகிபை எதிர்த்துக் கம்பெனிப் படை மதுரையை முற்றுகையிட்டபோது, பாசறைக்கே வந்து காயமுற்றோரையும் நோயுற்றோரையும் தேற்றினார். அதற்காக நவாபு அளித்த பொருளையும் அநாதைப் பள்ளிக்கே தந்தார். பின்னர்ப் படைக்குருவாக நியமிக்கப்பெற்று, ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் பெற்றார்.

இங்கே என் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. நம் நாட்டைப் பிடித்த கம்பெனியிடம் கூலி பெற்றவரை எவ்வாறு போற்றுவது? அதற்கு விடையை ஹைதர் அலியின் வாழ்வில் கண்டேன். 1779இல் கம்பெனியின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றார் சுவார்ட்ஸ். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் அநாதைப் பள்ளிக்கு முதலாக்கினார். மறு ஆண்டு போர் மூண்டது. கம்பெனியின் கொடும்பகைவரான அதே ஹைதர், இப்பாதிரியாரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு தம் படைக்கு ஆணையிட்டார். பஞ்சம் வந்தபோது, சேர்த்து வைத்திருந்த நெல்லால் சுவார்ட்ஸ் பசித்தோர்க்கு உணவளித்தார். ஊதியம் ஒரு பக்கத்திலிருந்து வந்தது உண்மை. இரக்கத்துக்கோ பக்கம் இல்லை.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் மறைந்தார். அவரால் பேணி வளர்க்கப்பெற்ற சரபோஜி மன்னர், பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் அமைத்தார். 1985 வரை எங்கள் பகுதி அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், அப்துல் கலாம் பயின்ற பள்ளியும் சுவார்ட்ஸ் பெயரையே தாங்கி நிற்கிறது.

மாணவத் தோழர்களே! விடுமுறைக்கு ஊர் வரும் பட்டாளத்தாரைக் கண்டால் போர்க்கதை கேட்காதீர்கள். அருகில் சற்று அமருங்கள். அதுவே சுவார்ட்ஸ் பெருமகனார் நமக்குக் கற்பித்த பாடம்.